சின்னக் குழந்தைகளும் கார்களும்: நிற்கும் வண்டி, நகரும் வண்டி இரண்டுக்குமான முழுமையான வழிகாட்டி

நடக்கத் தொடங்கிய குழந்தை முதல் ஆறேழு வயதுக் குழந்தை வரை உள்ள வீடுகளுக்கான வழிகாட்டி இது. வீட்டு வாசல், அடுக்குமாடிப் பார்க்கிங், கடை வளாகம், தெருவோரம் என்று கார் நிற்கும், நகரும் எல்லா இடங்களிலும் பெரியவர்கள் எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று பார்ப்போம்.

வரிசைக்கு இவ்வளவு அழுத்தம் கொடுக்கக் காரணம் உண்டு. வீட்டு வாசலில் குழந்தை மீது வண்டி ஏறும் விபத்துகளில், ஓட்டியவர் பெரும்பாலும் அப்பா, அம்மா, தாத்தா, சித்தப்பா என்று குழந்தைக்கு நெருங்கியவராகவே இருக்கிறார். பாசத்தில் குறை இல்லை. சாவி கைக்கு வந்தபிறகு குழந்தையைத் தேடினார்கள், அல்லது யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். குழந்தை யார் கையில் என்பது முதலில் முடிவாக வேண்டும், சாவி அதற்குப் பிறகு. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்து கிளைப்பவை.

தொடங்கும் முன் தேவையானவை

சுமார் 75 செ.மீ. உயரமுள்ள அட்டைப் பெட்டி அல்லது கவிழ்த்து அடுக்கிய வாளிகள், ஒரு சாக்பீஸ், அளவு நாடா, உதவிக்கு ஒரு பெரியவர். பளிச்சென்ற நிறத்தில் உள்ளங்கை அளவு ஸ்டிக்கர் ஒன்று. வாசல் கதவுக்கு ஒரு மேல்தாழ்ப்பாள். காரின் கையேடு இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள், சைல்டு லாக் (பின்கதவை உள்ளிருந்து திறக்கவிடாத பூட்டு), ஜன்னல் பூட்டு எங்கே என்று தேட உதவும்.

குழந்தைகளை வேறொருவரிடம் வீட்டுக்குள் விட்டுவிட்டுத்தான் முதல் மூன்று படிகளைச் செய்ய வேண்டும். அளக்கும் வேலையில் மூழ்கும்போது குழந்தை காலடியில் நின்றால், தவிர்க்க நினைத்ததையே நாம் செய்துகொண்டிருப்போம்.

1. உங்கள் காரிலிருந்து எது தெரியாது என்று அளந்து பாருங்கள்

ஒரு வயதுக் குழந்தை நின்றால் ஏறக்குறைய 75 செ.மீ., இரண்டு வயதில் 85 செ.மீ. பல கார்களின் பின் கண்ணாடி தொடங்கும் உயரமே இதைவிட அதிகம். ஆகவே பின்னால் நிற்கும் குழந்தை தெரியாததற்குக் கவனக்குறைவு மட்டும் காரணம் ஆகாது. வண்டியின் உடம்பே மறைக்கிறது.

ஓட்டுபவர் வழக்கமாக உட்காரும் நிலையில் சீட்டில் உட்காரட்டும். உதவியாளர் பெட்டியைப் பின் பம்பரை ஒட்டி நடுவில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்த்தட்டும். உள்கண்ணாடியில் பெட்டியின் மேல்விளிம்பு தெரிந்த இடத்தில் சாக்பீஸ் கோடு. பின் இடது மூலை, வலது மூலை, முன் பானெட்டுக்கு எதிர்ப்புறம், இரு பக்கக் கதவுகளை ஒட்டிய இடம் என்று இதையே திரும்பச் செய்யுங்கள். எல்லாக் கோடுகளையும் சேர்த்தால் வண்டியைச் சுற்றி ஒரு வளையம் கிடைக்கும். அந்த வளையத்துக்குள் உள்ள குழந்தை உங்கள் கண்ணுக்கு இல்லாத குழந்தை.

உயரமான வண்டிகளில் முன்னாலும் இந்த வளையம் பெரிதாக இருக்கும். பின்பக்கத்தை மட்டும் சோதித்துவிட்டு எழுந்துவிடுவதுதான் இந்தப் படியில் அதிகம் பேர் செய்யும் தவறு. வீட்டில் எத்தனை பேர் ஓட்டுகிறார்களோ அத்தனை பேரும் தனித்தனியாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். குள்ளமானவருக்கு வளையம் பெரிதாகும். பின்சீட்டில் ஆள் இருந்தாலும், டிக்கியில் சாமான் நிறைந்திருந்தாலும் இன்னும் பெரிதாகும்.

ரிவர்ஸ் கேமரா இருந்தால் அதையும் இதே பெட்டியால் சோதியுங்கள். திரையில் பெட்டி எந்த மூலையில் மறைகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸில் ஒரு சேற்றுத்துளி, மழைத்துளி, நேராக விழும் வெயில் போதும், படம் பயன்படாமல் போகும். பம்பரில் உள்ள சென்சார்கள் பெரும்பாலும் ஒலி அலை எதிரொலிப்பதை வைத்து வேலை செய்பவை. சுவரையும் தூணையும் நன்றாகக் கண்டுபிடிக்கும். தாழ்வாக உட்கார்ந்திருக்கும், மென்மையான துணி உடுத்திய சிறு உடம்பைத் தவறவிடலாம். கேமராவும் சென்சாரும் கூடுதல் உதவிக்கு. அடுத்து வரும் படிகளில் எதையும் அவை நீக்கிவிடாது.

2. குழந்தை காரிடம் வந்து சேரும் வழியை அடைத்துவிடுங்கள்

வாசல் கதவில் நல்ல உயரத்தில் தாழ்ப்பாள் போடுங்கள். குழந்தை ஸ்டூலை இழுத்து ஏறினாலும் எட்டக்கூடாது. கதவு தானாக மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் பையும் கையுமாக வெளியேறும் பெரியவர் கதவைச் சாத்த மறப்பது வழக்கம். கதவு திறந்தால் ஒலிக்கும் சிறு மணியும் உதவும்.

கார் நிற்கும் இடம் விளையாடும் இடமாக இருக்கக்கூடாது. கார் வெளியே போயிருக்கும் நேரத்திலும் அங்கே மூன்று சக்கர சைக்கிளையும் பந்தையும் வைக்காதீர்கள். "கார் இல்லாதபோது விளையாடலாம்" என்ற விதி மூன்று வயதுக் குழந்தைக்கு விளங்காது. அந்த இடம் தன்னுடையது என்று மட்டும் மனதில் பதியும். கார் திரும்பி வரும்போதும் அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

பந்து காருக்கு அடியில் போனால் எடுப்பது பெரியவர் வேலை. இந்த ஒரு விதியை முதல் நாளிலிருந்தே விட்டுக்கொடுக்காமல் நடத்துங்கள். வண்டிக்கடியில் குப்புறப் படுத்திருக்கும் குழந்தையை எந்தக் கண்ணாடியிலும் எந்தக் கேமராவிலும் பார்க்க முடியாது.

3. நிறுத்தியபின் பூட்டும் வரிசை

நிற்கும் கார் ஆபத்தில்லாதது என்ற எண்ணம்தான் பல வீடுகளில் சாவியை மேஜை மேல் கிடக்க வைக்கிறது. ஏறிக்கொள்ளும் குழந்தை ஹேண்ட்பிரேக்கை விடலாம், கியரைத் தள்ளலாம், ஜன்னலை உயர்த்தலாம், உள்ளே அடைபடலாம். ஆகவே எஞ்சினை அணைக்கும்போது ஒவ்வொரு முறையும் ஒரே வரிசை:

முதலில் ஜன்னல்களை முழுதாக ஏற்றிவிடுங்கள். அடுத்து ஹேண்ட்பிரேக்கை முழுதாக இழுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் 'பி' (பார்க்கிங்) நிலை. மேனுவல் என்றால் முதல் கியர் அல்லது ரிவர்ஸ், இறக்கத்தைப் பார்த்து நிறுத்தினால் சக்கரத்தை ஓரக்கல்லை நோக்கியும், ஏற்றத்தைப் பார்த்து நிறுத்தினால் எதிர்ப்பக்கமாகவும் திருப்பி வையுங்கள். பிறகு பின்சீட்டையும் கால் வைக்கும் இடத்தையும் கண்ணால் பாருங்கள். இறங்கி, எல்லாக் கதவும் டிக்கியும் பூட்டியதா என்று கைப்பிடியை இழுத்துப் பாருங்கள். கடைசியாகச் சாவி வீட்டுக்குள், குழந்தைக்கு எட்டாத உயரத்தில்.

மேனுவல் வண்டியைக் கியரில் விட்டிருந்தால் சாவியைத் திருப்பும் குழந்தையால் வண்டி ஒரு குதி குதித்து நகரக்கூடும். ஆட்டோமேட்டிக்கில் பிரேக்கை மிதிக்காமல் 'பி'யிலிருந்து வெளியே எடுக்க முடியாதபடி பூட்டு உண்டு என்று நம்பி இருந்துவிடாதீர்கள். ஸ்டியரிங்கைப் பிடித்து நின்று ஓட்டுவது போல் விளையாடும் குழந்தையின் கால் பிரேக் மேல்தான் இருக்கும். பட்டன் அழுத்திக் கிளப்பும் கார்களில் சாவி பைக்குள் இருந்தாலே போதும், அந்தப் பையைப் பின்சீட்டில் போட்டுவிட்டு இறங்குவது சாவியைக் குழந்தை கையில் கொடுத்ததற்குச் சமம்.

*பவர் ஜன்னல்.* ஓட்டுநர் கதவில் உள்ள ஜன்னல் பூட்டுப் பட்டன் எப்போதும் அழுத்திய நிலையில் இருக்கட்டும். குழந்தை தலையை வெளியே நீட்டி, முழங்காலைச் சுவிட்ச் மேல் ஊன்றினால் கண்ணாடி ஏறிக் கழுத்தை நெரிக்கும். தடை பட்டால் தானாக இறங்கும் வசதி எல்லாக் காரிலும் எல்லா ஜன்னலிலும் இருப்பதில்லை. சோதிக்க வேண்டுமென்றால் சுருட்டிய துண்டை வைத்துப் பாருங்கள், கையை வைக்காதீர்கள். எஞ்சினை அணைத்தபின்னும், கதவைத் திறக்கும்வரை ஜன்னல் இயங்கும் வண்டிகளும் உண்டு. உங்களுடையது எப்படி என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

*சைல்டு லாக்.* பின்கதவைத் திறந்தால் அதன் விளிம்பில் ஒரு சின்ன நெம்புகோலோ, சாவியால் திருப்பும் பிளவோ இருக்கும். அதைப் போட்டுவிட்டு நீங்களே உள்ளே உட்கார்ந்து கைப்பிடியை இழுத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் தனித்தனியாகப் போட வேண்டும். இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு: சைல்டு லாக் போட்ட காரில் தானாக ஏறிக்கொண்ட குழந்தை பின்கதவு வழியாக வெளியே வர முடியாது. படி 9இல் இதற்கான பயிற்சி வருகிறது.

*டிக்கி.* பின்சீட்டின் முதுகை மடக்கினால் டிக்கிக்குள் போக வழி திறக்கும் கார்களில், முதுகை நிமிர்த்திப் பூட்டியே வையுங்கள். உள்ளிருந்து திறக்கும், இருட்டில் ஒளிரும் பிடி அமெரிக்காவில் 2002 மாடல் கார்களிலிருந்து கட்டாயம். வேறிடங்களில் இருக்கும் என்று எண்ண வேண்டாம், திறந்து பாருங்கள். இருந்தால் குழந்தைக்குக் காட்டி இழுக்கப் பழக்குங்கள்.

*சீட் பெல்ட்.* குழந்தைக்கு எட்டும் தூரத்தில் உள்ள, பயன்படுத்தாத பெல்ட்டைக் கொக்கியில் மாட்டி வையுங்கள். சில பெல்ட்டுகள் முழுதாக இழுத்துவிட்டால் பின்னோக்கி இறுகிக்கொண்டே போகும், வெளியே வராது. கழுத்தில் சுற்றிக்கொண்டால் கத்தரிக்கோலால் வெட்டுவதே வழி. முன்சீட்டிலிருந்து எட்டும் இடத்தில் பெல்ட் வெட்டும் கருவி ஒன்று இருப்பது நல்லது.

4. வண்டியை எடுக்கும் முன்: குழந்தை யார் கையில்?

வழிகாட்டியின் மையமான படி இது. ஒரு நிமிடம்கூட ஆகாது, ஆனாலும் அவசரத்தில் முதலில் விடுபடுவதும் இதுதான்.

அ. சாவியை எடுக்கும் முன் வீட்டில் எத்தனை குழந்தைகள் என்று எண்ணுங்கள். விருந்தாளிகளின், பக்கத்து வீட்டுக் குழந்தைகளும் சேர்த்தி.

ஆ. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பெரியவரின் பெயரைச் சொல்லி ஒப்படையுங்கள். "குழந்தையைப் பார்த்துக்கோங்க" என்று பொதுவாகச் சொன்னால் யார் காதிலும் அது தன் பொறுப்பாக விழாது. "அத்தை, கண்ணனைத் தூக்கி வச்சுக்கோங்க, நான் வண்டி எடுக்கிறேன்" என்று சொல்லுங்கள். அத்தை "தூக்கிட்டேன்" என்று பதில் சொன்னபிறகு நகருங்கள்.

இ. ஒப்படைத்தவர் குழந்தையின் கையைப் பிடித்தோ தூக்கியோ, ஓட்டுபவர் கண்ணில் படும் இடத்தில் நிற்க வேண்டும். வீட்டுக்குள் இருக்கிறார்கள் என்றால் கதவு தாழிட்டிருக்க வேண்டும். வெறும் பார்வையில் வைத்திருப்பது போதாது. இரண்டு வயதுக் குழந்தை கையை உருவிக்கொண்டு ஓட ஒரு நொடி போதும்.

ஈ. இப்போது வண்டியைச் சுற்றி ஒரு முழு வட்டம் நடங்கள். குனிந்து அடியிலும் பாருங்கள். பொம்மையோ சைக்கிளோ கிடந்தால் அதைத் தேடிக் குழந்தை வரும் என்று பொருள், அப்புறப்படுத்துங்கள்.

உ. சுற்றி முடித்ததும் உடனே ஏறி எடுங்கள். ஏறிய பிறகு ஃபோன் பேசினாலோ, பெல்ட் தேடினாலோ, வீட்டுக்குள் மறந்ததை எடுக்கப் போனாலோ அந்தச் சுற்று காலாவதி. மறுபடி நடக்க வேண்டும். காலையில் சுற்றிப் பார்த்த திருப்தியோடு ஐந்து நிமிடம் உள்ளே உட்கார்ந்திருப்பது, பார்க்காததைவிட மோசம், ஏனென்றால் பார்த்துவிட்டோம் என்ற நம்பிக்கை மட்டும் மிஞ்சியிருக்கும்.

யாரும் வீட்டில் இல்லை, நீங்களும் குழந்தையும் மட்டும், வண்டியைக் கொஞ்சம் நகர்த்தி நிறுத்த வேண்டும் என்றால்? குழந்தையைக் காருக்குள் அதன் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார வைத்துவிட்டு நகர்த்துங்கள். பத்தடி நகர்த்தத்தானே என்று வாசலில் நிற்க வைப்பதில்தான் ஆபத்து.

வீட்டிலிருந்து கிளம்பும்போது டாட்டா சொல்வதும் இதே படியில் அடங்கும். அப்பா கிளம்பிவிட்டார் என்று வீட்டார் நினைப்பார்கள், குழந்தை கடைசியாக ஒரு முத்தம் கொடுக்கக் கதவைத் தாண்டி ஓடிவந்திருக்கும். டாட்டா வீட்டுக்குள்ளேயே முடியட்டும். ஜன்னலிலிருந்து கையசைக்கலாம். அப்படி அசைக்கும் முகம் கண்ணில் படும்வரை வண்டியை நகர்த்தாமல் இருப்பது நல்ல பழக்கம்.

5. ரிவர்ஸ் எடுப்பது

கூடுமானவரை உள்ளே வரும்போதே ரிவர்ஸில் நிறுத்துங்கள், வெளியேறும்போது முன்னோக்கி வருவீர்கள். வரும்போது குழந்தை உங்களோடு காருக்குள் அல்லது வீட்டுக்குள் இருக்கும். கிளம்பும் பரபரப்பில்தான் வெளியே ஓடும்.

ரிவர்ஸ் எடுத்தே ஆக வேண்டுமென்றால்: பாட்டை நிறுத்துங்கள், ஜன்னலை இறக்குங்கள். யாராவது கத்தினால் காதில் விழ வேண்டும். இரண்டு கண்ணாடி, உள்கண்ணாடி, கேமரா, பின்னால் திரும்பி நேராக என்று பார்வை ஓடிக்கொண்டே இருக்கட்டும். திரையை மட்டும் பார்த்தபடி பின்னால் வருபவர் பக்கவாட்டிலிருந்து ஓடிவருபவரைப் பார்க்கமாட்டார்.

வேகம் நடைவேகத்தைத் தாண்டக் கூடாது. மணிக்கு 5 கி.மீ. என்றாலும் வண்டி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 1.4 மீட்டர் நகர்கிறது. பார்த்துப் பிரேக் மிதிக்க ஒரு நொடி ஆனால் அந்தத் தூரம் போய்விட்டது. ஓடிவரும் மூன்று வயதுக் குழந்தை அதைவிட வேகம்.

வெளியே பெரியவர் ஒருவர் வழி காட்டினால் அவர் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். அவர் மறைந்த கணமே நிறுத்துங்கள். குழந்தையைப் பிடித்திருப்பவரே வழிகாட்டியாகவும் இருக்க வேண்டாம், கையைக் காட்டும் நேரத்தில் பிடி தளரும்.

மின்சாரக் கார் இருந்தால் வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லி வையுங்கள்: எஞ்சின் சத்தம் கேட்டு உஷாராகும் பழக்கம் இங்கே உதவாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலையிலிருந்து விற்கும் புதிய மின்சார, ஹைபிரிட் கார்கள் மெதுவாகப் போகும்போதும் பின்னால் வரும்போதும் செயற்கை ஒலி எழுப்ப வேண்டும். பழைய வண்டிகளில் அது இல்லாமல் போகலாம்.

6. வீடு திரும்பும்போது

கிளம்பும்போது காட்டும் கவனம் திரும்பும்போது பலரிடம் இருப்பதில்லை. கார் சத்தம் கேட்டதும் குழந்தை வாசலுக்கு ஓடும். எட்டிப்பார்க்கும் பெரியவர் கதவைத் திறந்துவிடுவார்.

தெருமுனையில் வண்டியை நிறுத்தி ஒரு ஃபோன் செய்து, "குழந்தை கையில் இருக்கா?" என்று கேட்டுவிட்டு உள்ளே வாருங்கள். கேட்டைத் திறக்க வருபவர் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரக்கூடாது. கேட்டைத் தள்ள இரண்டு கையும் தேவைப்படும், குழந்தை இறக்கிவிடப்படும், அதுவும் வண்டிக்கு நேர் எதிரே. ஆள் இல்லையென்றால் நீங்களே இறங்கிக் கேட்டைத் திறந்து, சுற்றிப் பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.

7. ஏற்றும் வரிசை, இறக்கும் வரிசை

ஏற்றும்போது குழந்தை முதலில், சாமான் பிறகு. இறக்கும்போது சாமான் முதலில், குழந்தை கடைசி. அதாவது குழந்தை தரையில் நிற்கும் நேரத்தைக் குறைத்துக்கொண்டே போங்கள். ஸ்ட்ரோலரை (குழந்தையைத் தள்ளிச் செல்லும் வண்டியை) விரித்து, பையை மாட்டி, ஃபோனை உள்ளே போட்டு, இரண்டு கையும் காலியான பிறகு பெல்ட்டை அவிழ்க்க வேண்டும். இந்த ஓரிரு நிமிடமும் கதவு திறந்திருக்கட்டும், நீங்கள் பக்கத்திலேயே இருங்கள்.

இரண்டு குழந்தைகள் என்றால்: ஏறும்போது ஓடும் வயதுக் குழந்தை முதலில், கைக்குழந்தை பிறகு. இறங்கும்போது கைக்குழந்தையை ஸ்ட்ரோலரிலோ உங்கள் உடம்போடு கட்டும் தூளியிலோ கட்டிவிட்டு, ஓடும் குழந்தையைக் கடைசியாக அவிழுங்கள். கைக்குழந்தை எங்கும் ஓடாது, ஆனால் ஸ்ட்ரோலரின் பிரேக்கைப் போட மறக்காதீர்கள்.

குழந்தையின் கார் சீட்டை நடைபாதைப் பக்கம் அல்லது நடுவில் வைத்தால் போக்குவரத்துப் பக்கம் நின்று குனிய வேண்டியதில்லை. இறங்குவதும் ஏறுவதும் எப்போதும் நடைபாதைப் பக்கக் கதவில்.

*விரல்கள்.* கதவைச் சாத்தும் முன் "கை எங்கே?" என்று கேளுங்கள். குழந்தை இரண்டு கையையும் தலையில் வைத்துக் காட்ட வேண்டும். பெரியவர்கள் பூட்டுப் பக்கம் மட்டும் பார்க்கிறார்கள். முன்கதவு திறந்திருக்கும்போது பின்சீட்டில் ஏறும் குழந்தை நடுத்தூணைப் பிடித்துக்கொள்ளும். அங்கேதான் முன்கதவு வந்து மூடுகிறது. கீல் பக்கத்து இடுக்கும் அப்படியே. பொதுவாக முன்கதவைச் சாத்தியபிறகு பின்கதவைக் கையாளுங்கள்.

8. பார்க்கிங்கில் நடப்பது

நிறுத்தும் இடத்தைத் தேர்வதிலேயே பாதி வேலை முடியும். வாசலுக்கு மிக அருகில் உள்ள இடங்களில் வண்டிகள் ஓயாமல் உள்ளே வருவதும் வெளியேறுவதுமாக இருக்கும். சற்றுத் தள்ளி, நடைபாதையை ஒட்டிய ஓரத்து இடம் குழந்தையோடு வருபவருக்கு நல்லது. கடையின் சாமான் தள்ளுவண்டிகளைத் திருப்பி வைக்கும் இடத்துக்குப் பக்கம் நிறுத்தினால், குழந்தையைக் காரில் விட்டுத் தூரம் போகவும் வேண்டாம், குழந்தையை இழுத்துக்கொண்டு வண்டிகளுக்கு நடுவே போகவும் வேண்டாம்.

நடக்கும்போது குழந்தையின் விரலைப் பிடிக்காதீர்கள், மணிக்கட்டைச் சுற்றிப் பிடியுங்கள். விரல் வழுக்கிவிடும். குழந்தை உங்களுக்கும் நிறுத்திய வண்டிகளுக்கும் நடுவில் வந்தால், ரிவர்ஸில் வெளியேறும் வண்டி முதலில் குழந்தையைத்தான் தொடும். ஓடுபாதை நடுவிலும் போக முடியாது. ஆகவே நான்கு வயதுக்குக் கீழே தூக்கிக்கொள்வதோ ஸ்ட்ரோலரில் வைப்பதோ மேல். ஸ்ட்ரோலரிலும் ஒரு விஷயம்: அது உங்களுக்கு ஒரு மீட்டர் முன்னால் போகிறது. இரண்டு கார்களின் நடுவிலிருந்து வெளியே வரும்போது நீங்கள் எட்டிப் பார்க்கும் முன் அது ஓடுபாதையில் நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்ட்ரோலரைப் பின்னால் இழுத்து நிறுத்தி, நீங்கள் முன்னால் வந்து பார்த்துவிட்டுத் தள்ளுங்கள்.

கையில் பை, தோளில் பை, காதில் ஃபோன் என்றால் குழந்தையைப் பிடிக்கக் கை மிச்சமில்லை. இரண்டு நடையாக எடுங்கள்.

9. குழந்தைக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியவை, வயது வரிசையில்

ஒன்று, இரண்டு வயதில் கற்பிப்பதற்கு ஒன்றுமில்லை, பிடித்துக்கொள்வது மட்டும்தான். விதியை ஒப்பிக்கும் குழந்தை விதியைக் கடைப்பிடிக்கும் என்று நம்புவது ஆபத்தானது. "ரோட்டுக்குப் போகக்கூடாது" என்று அழகாகச் சொல்லும் அதே குழந்தை பந்தின் பின்னால் ஓடும்.

மூன்று, நான்கு வயதில் இரண்டு பழக்கம். முதலாவது ஸ்டிக்கர்: பின்கதவுக்குப் பக்கத்தில், நடைபாதைப் பக்கம், குழந்தையின் தோள் உயரத்தில் ஒட்டுங்கள். காரை விட்டு இறங்கியதும் உள்ளங்கை அதன்மேல் இருக்க வேண்டும், நீங்கள் கையைப் பிடிக்கும்வரை எடுக்கக்கூடாது. உச்சி வெயிலில் தகரம் சுடும், அப்போது உங்கள் சட்டையைப் பிடிக்கச் சொல்லுங்கள். இரண்டாவது, "நில்!" என்ற ஒரே சொல். வீட்டுக்குள் ஓடிப் பிடிக்கும் விளையாட்டாகப் பழக்குங்கள்: சொன்னதும் சிலையாக நிற்க வேண்டும். சாப்பிடாததற்கும் சிந்தியதற்கும் அதே சொல்லைப் பயன்படுத்தினால் தேவைப்படும் நாளில் அதற்கு வலு இருக்காது.

ஐந்து, ஆறு வயதில் "இந்தக் கார் கிளம்பப் போகிறதா?" என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். உள்ளே ஆள் இருக்கிறாரா, சிவப்பு விளக்கு எரிகிறதா, வெள்ளை ரிவர்ஸ் விளக்கு எரிகிறதா, எஞ்சின் சத்தம், திரும்பும் முன்சக்கரம். பூட்டைத் திறக்கும்போதும் சில கார்களில் வெள்ளை விளக்கு எரியும், அப்போதும் நகரப் போகிறது என்றே எடுத்துக்கொள்ளட்டும். அறிகுறி எதுவும் இல்லாத காருக்குப் பின்னாலும் நிற்கக்கூடாது என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

கூடவே, அடைபட்டால் என்ன செய்வது: முன்சீட்டுக்குத் தாவி முன்கதவைத் திறப்பது, முடியாவிட்டால் ஹார்னை விடாமல் அழுத்துவது. பல கார்களில் எஞ்சின் அணைந்திருந்தாலும் ஹார்ன் ஒலிக்கும். உங்கள் காரில் ஒலிக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, நீங்கள் உடன் உட்கார்ந்து செய்து பழக்குங்கள். சின்ன விரலுக்கு ஹார்ன் அழுந்தாது, அதன்மேல் உட்கார்ந்தோ முழங்கையாலோ அழுத்தக் காட்டுங்கள். காருக்குள் விளையாடலாம் என்ற அனுமதியாக இது மாறிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

10. நிறுத்திய வண்டிகளுக்கு நடுவே தெருவைக் கடப்பது

முதலில், வேறு வழி இருந்தால் கடக்காதீர்கள். கொஞ்சம் நடந்து திறந்த இடத்துக்குப் போங்கள். வேறு வழியே இல்லையென்றால் உள்ளே யாரும் இல்லாத இரண்டு வண்டிகளைத் தேர்ந்தெடுங்கள். நடைபாதை விளிம்பில் ஒருமுறை நில்லுங்கள். பிறகு நிறுத்திய வண்டியின் வெளிவிளிம்பு வரை மட்டும் வந்து, அங்கே இரண்டாவது முறை நில்லுங்கள். குழந்தை உங்களுக்குப் பின்னால். வண்டி முதலில் வரும் பக்கம், எதிர்ப்பக்கம், மறுபடி முதல் பக்கம் பார்த்து, நேராகக் கடந்துவிடுங்கள்.

இந்த இரண்டாவது நிறுத்தம் ஏன்? உலர்ந்த சாலையில் 50 கி.மீ. வேகத்தில் வரும் கார், ஓட்டுநர் உணர ஒரு நொடி சேர்த்து, நிற்க ஏறக்குறைய 28 மீட்டர் வேண்டும். 30 கி.மீ. என்றால் சுமார் 13 மீட்டர். நடைபாதை விளிம்பிலிருந்து பார்த்தால் நிறுத்திய வண்டி அந்தத் தூரத்தை முழுக்க மறைக்கும், வரும் ஓட்டுநருக்கும் உங்களைத் தெரியாது.

வரும் வண்டியின் வேகத்தையும் தூரத்தையும் சேர்த்துக் கணிக்கும் திறன் பத்து வயதுவாக்கில்தான் நம்பும்படி அமைகிறது. அதுவரை கடக்கும்போது பெரியவர் கை உடன் இருக்கட்டும். எதிர்ப்பக்கம் நின்றுகொண்டு "வா, வா" என்று கூப்பிடுவதை அறவே விடுங்கள். அழைத்த முகத்தை மட்டும் பார்த்துக் குழந்தை ஓடிவரும்.

11. மூடிய காருக்குள் வெப்பம்

வெளியே 22 டிகிரி செல்சியஸ் இருக்கும் இதமான நாளிலும் மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் 47 டிகிரி வரை ஏறக்கூடும் என்று 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. ஏறுவதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணிக்குள். ஜன்னலை விரல் அளவு திறந்து வைப்பதால் பெரிய மாற்றமில்லை. குழந்தையின் உடல் சூடு பெரியவரைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாக ஏறும். ஆகவே "இரண்டே நிமிடம், கடைக்குள் போய் வருகிறேன்" என்பதற்கு இடமே இல்லை. ஏசி ஓடவிட்டுப் போவதும் கூடாது, ஓடும் எஞ்சினோடு குழந்தையைத் தனியே விடுவது அது.

மறந்துவிடுவது அக்கறையுள்ள பெற்றோருக்கும் நேர்கிறது. தினமும் போகும் பாதையில் பழக்கம் மூளையை ஓட்டிச் செல்லும், பின்னால் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும். வழக்கமாகக் குழந்தையைப் பகல்நேரக் காப்பகத்தில் கொண்டுவிடாதவர் அன்று கொண்டுவிடும் நாளில் இது கூடுதலாக நடக்கிறது. இரண்டு ஏற்பாடு செய்யுங்கள். இறங்கியதும் கட்டாயம் தேவைப்படும் ஒன்றை, அடையாள அட்டையோ இடது செருப்போ, பின்சீட்டில் வையுங்கள். குழந்தை குறித்த நேரத்துக்கு வரவில்லையென்றால் பத்து நிமிடத்தில் ஃபோன் செய்யும்படி காப்பகத்தில் சொல்லி வையுங்கள்.

12. அவசரம் வந்தால்

குழந்தையைக் காணவில்லை என்றால் முதலில் தண்ணீர் இருக்கும் இடங்கள், அடுத்தது கார்கள். உங்கள் கார் மட்டும் போதாது, பக்கத்தில் நிற்பவையும். கால் வைக்கும் இடம், டிக்கி, வண்டிக்கடி எல்லாம் பாருங்கள். அந்த நேரத்தில் தேடுவதற்காக யாரும் வண்டியை எடுக்கக்கூடாது.

பூட்டிய காருக்குள் குழந்தை வாடிக் கிடந்தால் அவசர எண்ணை அழைத்துவிட்டு, உடனே திறக்க வழியில்லையென்றால் குழந்தைக்குத் தூரமான பக்கக் கண்ணாடியின் மூலையில் கூர்மையான கனத்த பொருளால் அடியுங்கள். முன் கண்ணாடி இரட்டை அடுக்கு, உடைந்தாலும் விழாது. வெளியே எடுத்ததும் நிழலில் கிடத்தி, ஆடையைத் தளர்த்தி, உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாத குழந்தையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

வண்டிக்கடியில் குழந்தை சிக்கியிருந்தால் முன்னும் பின்னும் நகர்த்தாதீர்கள். எஞ்சினை அணையுங்கள், ஹேண்ட்பிரேக்கை இழுங்கள், உதவியை அழையுங்கள். மெதுவாகத்தான் இடித்தது, அழுகை நின்றுவிட்டது, எழுந்து நடக்கிறது என்றாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். சக்கரம் வயிற்றிலோ மார்பிலோ ஏறியிருந்தால் தோலில் ஒரு கீறலும் இல்லாமல் உள்ளே ரத்தம் கசியலாம், அது வெளியே தெரிய மணிக்கணக்கு ஆகலாம். எந்தப் பகுதியில் எப்படிப் பட்டது, வண்டி ஏறியதா இடித்ததா என்பதைப் பார்த்தவரே மருத்துவரிடம் நேரில் சொல்ல வேண்டும்.